மட்கார்டில் ஒரு கறுப்பு வட்டம்

என் சம்பந்தி மெதுவாகப் பேசினால் அடுத்த தெருவுக்கு மட்டும்தான் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் மரத்தில் இருக்கும் காக்கைகள் வேறு ஊருக்குக் குடிபோய்விடும். வாழ்நாள் முழுக்க உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் தும்மினால் அந்தக் கோடியில் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்களாம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால் வந்து உட்கார்ந்து, எனக்கே காதில் விழாத குரலில் பேசினார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"சம்பந்தி, எங்க அப்பா பொய் சொல்லியிருப்பாரா?"

சம்பந்தி வந்தும் வீடு அதிரவில்லையே என்று என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சாப்பாட்டு மேசை என்பது வெறும் பழக்கதோஷம். நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அதில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. பசைக் குழாய்களும், பெயின்ட் குப்பிகளும், பாதி முடிந்த டாங்கிகளும், சக்கரமில்லாத ஜீப்புகளும் அதைக் கைப்பற்றிவிட்டன. அசல் வண்டியின் நீளத்தை முப்பத்தைந்தால் வகுத்தால் வரும் அளவில் போர்க்கால வண்டிகள் செய்வது என் பொழுதுபோக்கு. "உங்க ராணுவம் என் மேசையைப் பிடிச்சு வருஷக்கணக்காச்சு. பேச்சுவார்த்தைக்காவது வர்றாங்களா பாருங்க," என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிடுவாள்.

சம்பந்தியின் அப்பா போர்க்காலத்தில் ராணுவத்துக்கு மூன்று டன் சுமக்கும் லாரி ஓட்டினார். மருந்துப் பெட்டிகளையும் கூடாரத் துணிகளையும் ஏற்றிக்கொண்டு, அவசரத்துக்குப் போட்ட ஆட்டம் காணும் பாலங்களைத் தாண்டிப் போனதாக அவரே மகனிடம் சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சி என்று அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லாரியின் கதவு திறந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, பனியன் போட்ட ஓர் இளைஞர் வெளியே தலையை நீட்டிச் சிரிக்கிறார். முன்சக்கரத்தின் மேலே, மட்கார்டில், ஒரு வட்டம்.

எங்கள் ஊர்ப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் போர்க்கால வண்டிகளுக்கென்று ஓர் அறை புதிதாகத் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், சம்பந்தி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தோள் பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு வாரம் பிடித்தது. "அப்பாவோட லாரியைச் செய்யுங்க சம்பந்தி! கண்ணாடிப் பெட்டில வைக்கணும். பக்கத்துல அட்டையில அவர் பேரு இருக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான்!"

செய்தேன். லாரி செய்வது பெரிய வித்தை இல்லை. பொறுமையும் கொஞ்சம் பைத்தியமும் இருந்தால் போதும். உயிரை எடுப்பது குறிகள். கதவில் ஓர் எண், பம்பரில் படைப்பிரிவின் சின்னம், மட்கார்டில் இந்த வட்டம். ஒவ்வொன்றும் அந்தந்த வருஷத்துக்கு, அந்தந்தப் படைக்குச் சரியாக இருக்க வேண்டும். முதல் வருஷத்துச் சின்னத்தையும் கடைசி வருஷத்து எண்ணையும் ஒரே லாரியில் ஒட்டிவிட்டால், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். என்னைப் போல மாடல் செய்கிற எங்கள் கூட்டத்து ஆட்கள் அதைக் கண்டுபிடித்தால் துக்கம் விசாரிக்கவே வந்துவிடுவார்கள்.

அந்த வட்டம் பாலங்களுக்காக. லாரியின் எடைக்கு ஏற்ப அதில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். பாலத்தின் முகப்பிலும் ஓர் எண் இருக்கும். லாரியின் எண் பெரிதாக இருந்தால் காவல்காரர் கையை நீட்டி நிறுத்திவிடுவார். புத்தகங்கள் எல்லாம் மஞ்சள் வட்டம், கறுப்பு எண் என்றன. ஆனால் சம்பந்தி வீட்டுப் படத்தில் வட்டம் கன்னங்கரேல் என்று இருந்தது. எண்ணே இல்லை. எங்கள் கூட்டத்தின் முதல் விதி இதுதான்: புத்தகம் ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால் படத்தை நம்பு. புத்தகம் எழுதியவன் பக்கத்தில் இல்லை, கேமரா பக்கத்தில் இருந்தது. நான் விதியை அப்படியே பிடித்துக்கொண்டேன். மிளகைவிடக் கொஞ்சமே பெரிய அந்த வட்டத்தை, மூச்சை அடக்கி, கண் பிதுங்க, கறுப்பாகத் தீட்டினேன். எண் காலப்போக்கில் அழிந்திருக்கும் என்று தீர்ப்பும் நானே எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை லாரியைப் பெட்டியில் பொதிந்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே காப்பாளர் ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, நம்மையும் ஒரு காட்சிப்பொருளாகப் பார்க்கக் கூடியவர். லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க," என்றார். சம்பந்தி பூரித்துப்போய் என்னை இன்னொரு தட்டுத் தட்டக் கையை ஓங்கினார். நான் நகர்ந்துகொண்டேன்.

"ஆனா இந்தக் கறுப்பு வட்டம்?" என்றார் காப்பாளர்.

படத்தைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போர் முடிஞ்சதும் இந்த லாரிகளை எல்லாம் ஏலத்துல வித்துட்டாங்க. வாங்கினவங்க ராணுவக் குறிகள் மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சாங்க. இது அப்படி மறைச்ச வட்டம் மாதிரி இருக்கு. அப்படின்னா இந்தப் படம் போருக்கு அப்புறம் எடுத்தது. உங்க அப்பா அப்புறம் எங்கயாவது லாரி ஓட்டினாரா?"

சம்பந்தியின் முகம் வாடிவிட்டது. "மரக்கடையில ஓட்டினார்," என்றார்.

"அப்ப இது மரக்கடை லாரியா இருக்கலாம். மாடலை வச்சுக்கறேன், போர்க்கால லாரி வகைன்னு போட்டு. ஓட்டினவர் பேரை மட்டும் போட முடியாது. தப்புன்னு நான் சொல்லல, சரின்னு சொல்ல எனக்கு வழியில்ல."

லாரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டஈட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவன். அதாவது, யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கியவன். அந்த அம்மா பேசியது என் தாய்மொழி.

ஆக, திங்கட்கிழமை. சம்பந்தி என் மேசை முன்னால். நடுவில் அந்தப் படம்.

"பாலத்தைத் தாண்டினேன், குண்டு விழுந்துச்சுன்னு அவ்வளவு சொன்னாரே. மரக்கடையில இருந்துக்கிட்டே கதை விட்டிருப்பாரா?"

"சும்மா இருங்க. படத்துல ஒரு வட்டம் கறுப்பா இருந்தா ஒரு மனுஷன் பொய்யனா ஆயிடுவாரா?" என்றேன்.

"நீங்கதானே படத்தை நம்பணும்னு சொன்னீங்க?"

மனிதர் என்னை என் விதியாலேயே அடித்தார். நல்லவேளை, அப்போது என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையை வைக்க மேசையில் இடமில்லை. வழக்கம்போல டாங்கியின் மேல் வைத்தாள். பிறகு என் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்தாள்.

"சம்பந்திண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பா உதட்டுக்கு மை பூசுவாரா?"

"என்னது!" இப்போது அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கத்தாதீங்க. உதட்டைப் பாருங்களேன். கரியை அப்பின மாதிரி இருக்கு. பல்லு வெள்ளையா இருக்கு, பனியன் வெள்ளையா இருக்கு, உதடு மட்டும் கறுப்பு. எந்த மனுஷனுக்கு உதடு இப்படி இருக்கும்?"

"சம்பந்தியம்மா, எங்க அப்பா பீடிகூடத் தொட்டதில்ல!"

நான் பூதக்கண்ணாடியைப் பிடுங்கினேன். அவள் சொன்னது சரி. உதடு கறுப்பு. மேலே வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் பால் மாதிரி வெள்ளை. என் மண்டைக்குள் ஏதோ ஓர் அறையில், பல வருஷமாகத் திறக்காத கதவு ஒன்று கிறீச்சிட்டது. பழைய ஃபிலிமில் ஒரு வகை உண்டு. நீலத்தைப் பார்த்தால் கண்ணை அகலத் திறக்கும், சிவப்பைப் பார்த்தால் குருடாகிவிடும் என்று எப்போதோ படித்திருந்தேன். நீல வானம் வெளுத்துவிடும், சிவந்த உதடு கறுத்துவிடும். படித்ததைச் சரியான சமயத்தில் மறப்பதில் இந்த உலகத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது.

"சிவப்பு கறுப்பா விழுதுன்னா மஞ்சள் எப்படி விழும்?" என்றேன்.

"என்னைக் கேட்டா? நான் என்ன கேமராவா?" என்றாள் மனைவி.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை விஞ்ஞானம் என்று நானும் கொள்ளை என்று அவளும் சொல்கிறோம். பீரோவிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் உறை ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தேன். அதைக் கைபேசிக் கேமராவின் முன்னால் பிடித்து, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தேன். இப்போது என் கைபேசியும் அந்தப் பழைய ஃபிலிம் மாதிரி நீலத்தைத் தவிர மற்றதை அரைக்கண்ணால்தான் பார்க்கும். முதலில் ஒரு தக்காளி. படத்தில் அது நிலக்கரி. அடுத்து எலுமிச்சம்பழம். அது தார் உருண்டை. மேசை துடைக்கும் மஞ்சள் துணி, மனைவியின் மஞ்சள் குடை, குளியலறை மஞ்சள் வாளி எல்லாம் வரிசையாக வந்து கறுத்துவிட்டுப் போயின. வீட்டில் மஞ்சளாக இருந்த ஒரு பொருளும் தப்பவில்லை. கடைசியில் மட்கார்டுக்கென்று நான் முதலில் வாங்கி வைத்திருந்த அதே மஞ்சள் பெயின்ட்டை ஓர் அட்டையில் வட்டமாகத் தீட்டிப் படம் எடுத்தேன். கறுப்பு வட்டம்!

சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார். அவர் குதித்ததில் ஜீப் ஒன்று மேசையிலிருந்து உருண்டு வீரமரணம் அடைந்தது.

"மஞ்சள்! அப்பவே மஞ்சள்தான்! வாங்க, இப்பவே போய் அந்த அம்மாகிட்ட..."

நஷ்டஈட்டுப் பிரிவில் ஊறிய என் புத்தி சும்மா இருக்குமா? "உக்காருங்க சம்பந்தி. மஞ்சளும் கறுப்பா விழும், சரி. கறுப்பு பெயின்ட்டும் கறுப்பாத்தானே விழும்? அந்த அம்மா அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

அவர் அப்படியே நின்றார். "நீங்க யார் பக்கம் சம்பந்தி?"

"உங்க பக்கம்தான். அதனாலதான் முன்னாடியே கேக்கறேன்."

வழி ஒன்று இருந்தது. மஞ்சள் வட்டம் என்றால் அதன் மேல் கறுப்பில் எண் இருந்திருக்கும். இருட்டான வட்டத்துக்குள் இன்னும் இருட்டாக ஓர் எண். நம் கண்ணுக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கி வெளிச்சத்தை ஏற்றினால் வெளியே வரும். மரக்கடைக்காரன் பூசிய பெயின்ட் என்றால் எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் ஒன்றுமே வராது. அருங்காட்சியகத்தில் அதற்கான ஸ்கேனர் இருந்தது. காப்பாளருக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்குக் காலையில படத்தோட வாங்க. நானும் பாக்கணும்," என்றார்.

மறுநாள் மூவரும் போனோம். வாசல் படிக்கட்டில் சம்பந்தி நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்த படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சம்பந்தி. லாரியைச் சும்மா குடுத்துடலாம். பேர் இல்லாமலே இருக்கட்டும்."

"ஏன்?"

"இப்ப பாதி நம்பிக்கையாவது இருக்கு. உள்ள போய் அந்த வட்டத்துல ஒண்ணும் இல்லேன்னு ஆயிட்டா, அதுவும் போயிடும். அப்புறம் நான் எந்த அப்பாவை நினைக்கறது?"

நான் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். வார் சரியாகத்தான் இருந்தது. என் மனைவி அப்படியெல்லாம் குனிகிற ஆள் இல்லை.

"வாசல்லயே தோத்துட்டுத் திரும்பறதுக்கா பிள்ளைங்களை அத்தனை வருஷம் வெயில்ல ஓடவிட்டீங்க?" என்றாள். "எண் இல்லேன்னா அவர் மரக்கடையில லாரி ஓட்டி உங்களை வளர்த்தவர். அதுக்கு என்ன குறைச்சல்? எண் இருந்தா ரெண்டும். வாங்கண்ணா, வெயில் ஏறுது."

சம்பந்தி அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் படி ஏறினார்.

காப்பாளரின் அறை முழுக்கப் பழைய பேருந்துப் பலகைகள். அவர் மேசையில் ஒரு மஞ்சள் ஃபைல் கிடந்தது. நான் என் நீல உறையைக் கைபேசியின் முன்னால் பிடித்து, அந்த ஃபைலைப் படம் எடுத்துக் காட்டினேன். கறுத்துப்போன தன் ஃபைலைப் பார்த்ததும் கண்ணாடி அவருடைய மூக்கிலிருந்து விழுந்தே விட்டது. பிறகு ஒவ்வொன்றாக அவரே எடுக்க ஆரம்பித்தார். பென்சில், பூந்தொட்டி, உதவியாளரின் சட்டை. பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் கட்டடத்தையே எடுத்திருப்பார்.

"சரி. ஆனா கறுப்பு பெயின்ட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"கறுப்பாத்தான் விழும். நேத்தே சண்டை போட்டு முடிச்சிட்டோம்," என்றேன்.

படத்தை இரண்டு கையாலும் வாங்கி ஸ்கேனரில் வைத்தார். திரையில் லாரி வந்தது, பெரிதானது, மட்கார்டு மட்டும் ஆனது. அவர் வெளிச்சத்தை ஏற்றினார். மட்கார்டு வெளுத்தது. சக்கரத்து ரப்பர் அப்படியே கறுப்பாக நின்றது. வட்டமும் கறுப்பாகத்தான் நின்றது. இன்னும் ஏற்றினார். ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூச்சு விடும் சத்தத்தில் மேசையில் இருந்த காகிதங்கள் படபடத்தன.

"இருங்க, இருங்க," என்றார் காப்பாளர்.

வட்டம் மெதுவாகச் சாம்பலானது. டயர் கறுப்பு, வட்டம் சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் வளைவாக ஏதோ ஒன்று. கீழே இன்னொரு வளைவு. வயிறு பெருத்த ஓர் எட்டு, தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற மாதிரி எழுந்து உட்கார்ந்தது.

"சம்பந்தி, கண்ணைத் தொறங்க," என்றேன்.

அவர் திறந்தார். கத்துவார் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், விரலைக் கண்ணாடியில் படாமல் பிடித்து, அந்த எட்டின் மேல் ஒரு தடவை வரைந்து பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தா டயர் மாதிரி நின்னிருக்கும். இது மஞ்சள்தான் சார், மேல கறுப்புல எட்டு," என்றார் காப்பாளர். "இந்த எடை லாரிக்கு எட்டு பொருந்துது. படம் எடுத்தப்ப வண்டி ராணுவத்துலதான் இருந்திருக்கு. ஸ்டீயரிங்ல உங்க அப்பா இருக்கார். எனக்கு இது போதும். பேரை எழுதிக் குடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "சந்தேகப்படறது என் வேலை. ஆனா உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன்," என்றார்.

"பரவால்லம்மா. எங்க சம்பந்தி இதையே முப்பது வருஷமா பண்ணிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கார்," என்றார் சம்பந்தி. குரல் திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பல்குத்தும் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, என் கறுப்பு வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். மஞ்சள் நேராக ஏறாது, அடியில் வெள்ளை வேண்டும். வெள்ளை காய்ந்து, மஞ்சள் காய்ந்த பிறகு, தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சடித்த எண் ஒன்றைத் தேடினேன். என்னிடம் எட்டுகள் ஒரு தாள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டது மாதிரி ஒழுங்கு.

"இது இல்ல. அதுல கீழ்வயிறு பெருசு," என்றார் சம்பந்தி.

உண்மைதான். படத்திலிருந்த எட்டை யாரோ ஒருவர் அவசரத்தில் கையால் எழுதியிருந்தார். அதே மாதிரி வேண்டுமென்றால் கையால்தான் எழுத வேண்டும். நான் மூன்று மயிர் மட்டும் உள்ள என் தூரிகையை எடுத்தேன்.

"நான் எழுதறேன்," என்றார் அவர்.

அவர் கையைப் பார்த்தேன். கூடைப்பந்தை எலுமிச்சம்பழம் மாதிரி பிடிக்கிற கை. அந்தக் கையில் என் தூரிகை, யானை மூக்குப்பொடி எடுக்கிற மாதிரி இருந்தது. முதலில் ஒரு மணி நேரம் அட்டையில் பழகினார். முதல் எட்டு பூசணிக்காய். அடுத்தது கயிற்றில் விழுந்த முடிச்சு. என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, "கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு உங்க எட்டு," என்று ஊக்கம் கொடுத்தாள். கடைசியில் ஒன்று சரியாக விழுந்தது. "இதேதான். இப்ப லாரில," என்றேன். அவர் குனிந்தார். மூச்சை நிறுத்தினார். எங்கள் தெருவுக்கே அன்றுதான் முதல்முதலாக அமைதி என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். மேல் வளைவு, கீழ் வளைவு, பெரிய வயிறு. தூரிகையை எடுத்தார்.

எட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. படத்தோடு வைத்துப் பார்த்தோம். படத்திலிருந்ததைவிட ஒரு மயிரிழை அதிகமாகவே சாய்ந்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. திருத்தக் கை நீட்டியிருந்தால் அந்தக் கை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது, அதுவும் என் சொந்த வீட்டிலேயே.

அறை திறந்த அன்று கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் லாரி, பக்கத்தில் பெரிதாக்கிய படம், கீழே அட்டை. வண்டியின் வகை, வட்டத்தின் விளக்கம், அதற்குக் கீழே 'ஓட்டுநர்' என்று போட்டு அவர் அப்பாவின் முழுப்பெயர். சம்பந்தி பக்கத்துத் தூணில் சாய்ந்து, யாரோ வழிப்போக்கர் மாதிரி நின்றார். தான் யாரென்று யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை அடக்கம் அவர் உடம்புக்கு ஆகாதே என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். அந்தப் பெண் அட்டையை வாய்விட்டுப் படித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயில் அப்பாவின் பெயர், எழுத்துப் பிசகாமல், முழுசாக வந்தது. சம்பந்தியின் முதுகு தூணைவிட்டு விலகியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஒரு சாண் உயர்ந்தார்.

"எட்டுன்னா என்னங்க?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

"எட்டாவது லாரியா இருக்கும்," என்றான் அவன்.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்ததுதான் மிச்சம்.

"எட்டாவது லாரி இல்ல தம்பி!" கண்ணாடிப் பெட்டிகள் கலகலத்தன. குழந்தை விழித்துக்கொண்டது. மறுகோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பி, எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். "அது பாலத்துக்கான கணக்கு. இங்க வாங்க, இப்படி நின்னாத்தான் வட்டம் நல்லாத் தெரியும். நடுவுல ஒரு ஆறு ஓடுது. அது மேல அவசரத்துக்குப் போட்ட பாலம். எங்க அப்பா வண்டியை மெதுவா உருட்டிக்கிட்டு வர்றார்..."